மின்கம்பத்தடியில் ஒரு செருப்பு வரிசை

முப்பத்தெட்டு வருஷம் மின்சாரத்தோடு மாரடித்தவன் நான். அத்தனை வருஷத்தில் நான் அதிகம் உற்றுப் பார்த்தது எது என்று கேட்டால், கம்பியும் மீட்டரும் அப்புறம்தான், முதலில் செருப்பு. போன மாதம் ஓய்வு பெற்ற அன்று பொறுப்பை ஒப்படைக்கும்போது, கயிறு, இடுப்பு பெல்ட், எர்த் ராடு எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு ஜோடிக் கறுப்பு ஷூவையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். புதிதாக வந்திருக்கும் இளைஞர்கள் சிரித்தார்கள். இது எந்தப் பட்டியலில் சேரும் என்று ஒருவர் கேட்டார். பழைய ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரிக்காமல் நின்றதைப் பார்த்துத்தான் இவர்களுக்கு ஆர்வம் பிறந்தது. சங்க மலரில் போடுகிறோம், எழுதிக் கொடுங்கள் காதரண்ணே என்று கேட்டார்கள். பேச்சை நிறுத்துவதுதான் எனக்குக் கஷ்டம். ஆரம்பிப்பதில் ஒரு தொந்தரவும் இல்லை.

நான் தேனிப் பக்கத்துக் கம்பம் ஊர்க்காரன். ராவுத்தர் குடும்பம். அத்தா ஏலக்காய்த் தரகு பார்த்தவர். எனக்கு வியாபாரம் படியவில்லை. கடையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால் உடம்பு அரிக்கும். அதனால் கம்பம் நடுவதற்குக் குழி தோண்டும் வேலையில் சேர்ந்து, கோம்பை முதல் லோயர் கேம்ப் வரை எத்தனையோ குழி தோண்டி, பிறகு லைன்மேன் ஆனேன். பயிற்சி என்று ஒன்று உண்டு. மூத்தவர் மேலே ஏறுவதைக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதுதான் அது. முதல் மூன்று மாதம் எனக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

தொண்ணூற்றாறாம் வருஷம், ஆனிக் காற்றில் தென்னை மட்டைகள் பறந்துகொண்டிருந்த ஒரு காலையில் ஏசுவடியான் சார் எங்கள் பிரிவுக்குப் பொறியாளராக வந்து சேர்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஒல்லியான உயரமான உருவம். சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், அதன் பக்கத்திலேயே ஒரு குட்டிப் புதிய ஏற்பாடு. காலில் தினமும் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. அந்த ஷூவைப் பார்த்ததுமே, இவர் வரப்பில் இறங்குகிற ஆள் இல்லை என்று முடிவு கட்டினேன். ஒரே வாரத்தில் அந்த ஷூ சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்களின் சேறு முழுவதையும் பார்த்துவிட்டது.

நாங்கள் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் அவர் தொப்பியைக் கழற்றி, கண்ணை மூடி அரை நிமிஷம் நிற்பார். முதல் நாள் அவர் நின்றபடியே தூங்குகிறார் என்று நினைத்து, கீழே கயிறு பிடிக்கும் உதவியாளன் பாண்டி இருமிக் காட்டினான். சார் கண்ணைத் திறக்கவில்லை. அரை நிமிஷம் முடிந்த பிறகு, மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்று பாண்டியிடம் அக்கறையாக விசாரித்தார்.

லைன் வேலை தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஏறுவதற்கு முன் துணை மின்நிலையத்தில் 'லைன் கிளியர்' வாங்கவேண்டும். அங்கிருக்கும் ஆபரேட்டர் அந்த லைனுக்கு மின்சாரம் போகாமல் நிறுத்தி, நம்பர் போட்ட ஒரு சீட்டைக் கொடுப்பார். வேலை நடக்கும் இடத்தில் நாங்களும் ஒரு சுவிட்சைத் திறந்து, அதாவது தொடர்பை அறுத்து, பூட்டி, கம்பியையும் மண்ணையும் இணைக்க எர்த் ராடு மாட்டுவோம். வேலை முடிந்ததும் ராடைக் கழற்றி, சுவிட்சைச் சேர்த்து, 'ஆட்கள் அனைவரும் இறங்கிவிட்டார்கள்' என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தால்தான் ஆபரேட்டர் மறுபடி மின்சாரம் விடுவார். அந்த ஒரு வரி பொய்யானால் மேலே ஒருவன் கருகிப்போவான்.

சார் வருவதற்கு முன்பு நாங்கள் அந்த வரியை எழுதிய விதத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. ஒருவர் கையைக் குவித்து, எல்லாரும் எறங்கிட்டாகளா என்று கத்துவார். எங்கிருந்தோ ஒரு குரல், எறங்கியாச்சு என்று திரும்பி வரும். அது எங்கள் ஆள் குரலா, பக்கத்துத் தோட்டத்தில் தேங்காய் பறிக்கிறவன் குரலா என்று யாரும் ஆராய்ந்ததில்லை. பக்கத்து வீட்டில் டெலிபோன் இருந்தால் அதிலேயே ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டு, சீட்டை மறுநாள் கொடுப்போம்.

சார் இரண்டு விதி போட்டார். முதல் விதி செருப்பு. கம்பத்தில் ஏறுகிறவர்கள் எப்படியும் செருப்பைக் கழற்றத்தான் செய்வார்கள். அதை அவரவர் கம்பத்தடியில் விடாமல், சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரே வரிசையாக விடவேண்டும். இறங்கி வந்ததும் அவரவர் செருப்பை அவரவரே மாட்டவேண்டும். அடுத்தவருக்கு எடுத்துக் கொடுக்கக்கூடாது. வரிசையில் ஒரு ஜோடி மிச்சம் இருந்தாலும் சீட்டில் பேனா படக்கூடாது. இரண்டாவது விதி, சீட்டு கையோடு போய்ச் சேரவேண்டும். டெலிபோனில் சொன்னால் ஆபரேட்டர் சுவிட்சைத் தொடக்கூடாது.

செருப்பு யோசனை அவருக்குக் கோயிலில் கிடைத்தது. அவருடைய அப்பா அவர்கள் ஊர் வேதக்கோயிலில், அதாவது சர்ச்சில், கோயில்பிள்ளை. மணி அடிப்பதும் கதவு பூட்டுவதும் அவர் பொறுப்பு. ஆராதனை முடிந்த பின்னும் வாசலில் செருப்பு கிடந்தால், யாரோ இன்னும் உள்ளே முழங்காலில் இருக்கிறார்கள் என்று பூட்டாமல் காத்திருப்பாராம். எங்கள் பள்ளிவாசலிலும் செருப்பு வெளியேதான் கிடக்கிறது. ஆனால் எங்களுக்கு இந்த மாதிரி யோசனை எதுவும் தோன்றியதில்லை. புதுச் செருப்பை யார் கண்ணிலும் படாமல் தூண் ஓரமாக மறைத்து வைக்கும் யோசனைதான் தோன்றியிருக்கிறது.

ஆட்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்புக்குத் தலைவன் நான்தான். சுவிட்சிலிருந்து கம்பம் வரை வெறுங்காலில் நடந்தால் நெருஞ்சி முள் குத்துகிறது என்று சாரிடம் நேராகவே சொன்னேன்.

"முள்ளப் பிடுங்கிரலாம் ராவுத்தரே" என்றார். ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, செருப்பு என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் குழுவுக்கே 'செருப்புக்கடை' என்று பெயர் விழுந்தது.

வேலையில்தான் அவர் கறார். மற்றபடி அவரைப்போல ஒரு வீட்டு மனிதரை நான் பார்த்ததில்லை. எஸ்தர் டீச்சர், அவர் மனைவி, உத்தமபாளையத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். இரண்டு பெண் பிள்ளைகள், ஷீபாவும் ஜெனியும். மாலை ஏழு மணிக்கு நால்வரும் பாயில் உட்கார்ந்து பாட்டுப் பாடி ஜெபம் பண்ணுவார்கள். அந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது என்று யாராவது போன் செய்தால் ஜெனி எடுத்து, அப்பா ஜெபத்தில் இருக்கிறார்கள், பத்து நிமிஷம் பொறுங்கள் என்பாள். கம்பி அறுந்துவிட்டது என்றால் மட்டும் சார் பாதிப் பாட்டில் எழுந்து சட்டையை மாட்டுவார்; மீதிப் பாட்டை டீச்சர் முடிப்பார். நாளடைவில் ஊர்க்காரர்களும் கெட்டிக்காரர்களாகி, ஏழு மணி ஆனால் எல்லாப் புகாரையும் கம்பி அறுந்த புகாராகவே சொல்லத் தொடங்கினார்கள்.

என்னை வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் எந்த லைனிலும் ஏற்றமாட்டார். தொழுகைக்குப் போகச் சொல்லுவார். சில வெள்ளிகளில் நான் தொழாமல் வீட்டில் தூங்கியிருக்கிறேன். அதை அவருக்கும் சொல்லவில்லை, அல்லாஹ்வுக்கும் நினைவூட்டவில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அந்த வருஷக் கார்த்திகை மாதம். சின்ன மகள் ஜெனிக்கு அன்று கோயிலில் திடப்படுத்தல். பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் வாயாலேயே விசுவாசத்தைச் சொல்லி, முதல்முறை நற்கருணை வாங்கும் நாள் அது. வந்த நாளிலிருந்து சார் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை, அன்று எடுத்தார். சுருளிப்பட்டி போகும் வழியில் ஒரு லைனில் கம்பியைத் தாங்கும் பீங்கான்கள் மாற்றவேண்டியிருந்தது. என்னைப் பொறுப்பாக வைத்தார். மத்தியானம் எல்லாரும் தன் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடவேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

லைன் இன்ஸ்பெக்டர் பதவி உயர்வுப் பட்டியலில் அப்போது என் பெயர் இருந்தது. அதனால் கொஞ்சம் விறைப்பாகவே நடந்துகொண்டேன். சீட்டு வாங்கி, சுவிட்சைத் திறந்து பூட்டி, ராடு மாட்டினேன். மேலே ஏற ஐந்து பேர் தேவை. ஒருவனுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. பாண்டிக்கு ஏறத் தெரியும், அதற்கான தகுதியும் வாங்கியிருந்தான். ஆனாலும் வழக்கமாகக் கீழே கயிறு பிடிக்கிறவன். நீ ஏறு என்றேன்.

பாண்டி நான்கு நாள் முன்னால்தான் முதன்முறையாக மலைக்கு மாலை போட்டிருந்தான். கறுப்புச் சட்டை, கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். மாலை போட்டவர்கள் எதிரே வருகிற எல்லாரையும் சாமி என்பார்கள். என்னையும் காதர் சாமி என்றான். விரதம் முடியும்வரை காலில் செருப்பு போடமாட்டார்கள்.

வரிசையில் நான்கு ஜோடிச் செருப்பு நின்றது. மேலே போனவர்கள் ஐந்து பேர். இப்போது எழுதும்போது இது எவ்வளவு சுலபமாகத் தெரிகிறது.

பன்னிரண்டு மணி சுமாருக்கு ஒவ்வொருவராக இறங்கி வந்து, அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு, ரோட்டோர டீக்கடைக்குப் போனார்கள். பாண்டிக்குக் கொடுத்திருந்தது கடைசிக் கம்பம். அது தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம், சுவிட்சிலிருந்து பார்த்தால் தெரியாது. நான் வரிசையைப் பார்த்தேன். வெறும் மண். ராடைக் கழற்றினேன். சுவிட்சைச் சேர்த்தேன். சீட்டில் அந்த ஒரு வரியை எழுதி, என் பெயரை முழுசாகப் போட்டேன்.

தோட்டக்காரர் காலையிலிருந்து மோட்டார் போடக் காத்துக் கொண்டிருந்தார். தன் வீட்டில் டெலிபோன் இருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இப்போதே தண்ணீர் பாய்ச்சிக்கொள்வேன் என்றார். சார் கோயிலில் இருக்கிறார், யார் பார்க்கப்போகிறார்கள் என்று எனக்கும் தோன்றியது. போய் ஆபரேட்டரைக் கூப்பிட்டேன். எல்லாரும் இறங்கிவிட்டார்கள், லைனை விடுங்கள் என்றேன்.

"சீட்டு இல்லாம கைய வைக்கமாட்டேன் காதரு. ஏசுவடியான் சார் ரெஜிஸ்தர்லயே எழுதி வச்சிட்டுப் போயிருக்காக" என்றார் ஆபரேட்டர்.

நான் வாதாடினேன். இத்தனை வருஷம் பழகிய என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். அவரையும் சாரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே என் மொபெட்டை உதைத்தேன். துணை மின்நிலையம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்.

குமுளி போகும் பெரிய ரோட்டில் ஏறியதும், சபரிமலை போகிற வேன் ஒன்று ஓரமாக நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிய பத்துப் பதினைந்து பேர் எதிர்ப்பக்கத்து டீக்கடைக்கு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். நான் பிரேக் போட்டு நின்றேன். தார் ரோட்டின் சூடு தாங்காமல் குதித்துக் குதித்துப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு செருப்பைப் போட்டுத் தொலைந்தால் என்ன என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லி முடிப்பதற்குள் பாண்டியின் வெறுங்கால் நினைவுக்கு வந்தது. பாண்டி டீக்கடைக்குப் போன கூட்டத்தில் இல்லை.

மொபெட்டை எப்படித் திருப்பினேன் என்று நினைவில்லை. சீட்டு சட்டைப் பையில்தான் இருந்தது. அது என்னிடம் இருக்கும்வரை யாரும் மின்சாரம் விடமுடியாது என்று புத்திக்குத் தெரிந்தது, நெஞ்சுக்குத் தெரியவில்லை. வந்து சேர்ந்ததும் முதலில் சுவிட்சைத் திறந்து பூட்டினேன். ராடை மாட்டினேன். அதற்குப் பிறகுதான் தோப்புக்குள் ஓடினேன். அந்த ஒழுங்கு மட்டும் தப்பாமல் வந்தது, சார் ஆறு மாதமாக ஓதிய ஓதலின் பலன்.

பாண்டி கம்பத்தின் உச்சியில் பெல்ட்டில் சாய்ந்து நின்றிருந்தான். இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"என்ன காதர் சாமி, டீ வந்துருச்சா? ஒரு கட்டுதான் பாக்கி. முடிச்சுட்டு எறங்கிருறேன்."

நான் கம்பத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "மெதுவா எறங்கி வா சாமி" என்றேன். அவனை நான் சாமி என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. அவன் இறங்கி வந்து, வெயிலில் மயக்கமா என்று கேட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தான். நான் ஆமாம் என்றேன்.

நடந்தது என் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆபரேட்டருக்கு நான் போன் செய்தது தெரியும், மேலே ஆள் இருந்தது தெரியாது. பாண்டிக்கு ஒன்றுமே தெரியாது. மறுபடியும் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்திப் பார்த்துவிட்டு, சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழியெல்லாம், சொல்லாமல் விட்டால் என்ன என்றுதான் யோசித்தேன். இத்தனை வருஷம் காத்திருந்த பதவி உயர்வு. வீட்டில் என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லியும்விட்டாள்.

சார் வீட்டில் பிரியாணி மணந்தது. நானும் சாப்பிட ஹலாலாக இருக்கவேண்டும் என்று கறியைக் கம்பம் ஊரில் எங்கள் தெருப் பாய் கடையில் வாங்கி வந்திருந்தார். அதை டீச்சர் சொன்னதும் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன். கை கழுவுகிற சாக்கில் கொல்லைப்புறம் போனேன். சார் பின்னாலேயே செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அங்கேயே சொல்லிவிட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. சுவிட்ச் சேர்த்திருந்ததா என்று கேட்டார். சேர்த்திருந்தேன் என்றேன். ராடு என்றார். கழற்றிவிட்டேன் என்றேன். சீட்டைக் கையோடு கொண்டுபோனீரா, போனில் சொன்னீரா என்று கேட்டார். அதையும் சொன்னேன். செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அன்று அரை நிமிஷத்தில் திறக்கவில்லை.

அப்போது வெள்ளை கவுனும் தலையில் வெள்ளை முக்காடுமாக ஜெனி பாயசக் கிண்ணத்தோடு வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும், "கரண்ட் போயிட்டாப்பா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, இருக்கு" என்று சொல்லி, கிண்ணத்தை வாங்கி என் கையில் கொடுத்தார். அவள் உள்ளே போன பிறகு கேட்டார்.

"பாண்டிகிட்ட சொல்லியாச்சா?"

"இல்ல சார்."

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம் ராவுத்தரே. மன்னிக்கவேண்டிய ஆளு அவம்லா. நாளைக்குக் காலம்பற எல்லாரும் நிக்கையில சொல்லும்."

அந்த ராத்திரி எனக்கு அவர்மேல்தான் கோபம். தப்புச் செய்த எல்லாருக்கும் கோபப்பட ஒருவர் தேவைப்படுகிறார். மறுநாள் காலை அலுவலக வாசலில் எல்லாரும் வேலை கேட்டு நிற்கும்போது சொன்னேன். பாண்டி தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் கம்பியப் புடிச்சுக்கிட்டு இருக்கையில நீங்க லைன விடச் சொல்லி போன் போட்டீகளா?" என்றான்.

ஆமாம் என்றேன். அவன் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் உங்ககூட பேசமாட்டேன் சாமி. இப்பப் பேசுனா கோவத்துல ஏதாவது வந்துரும். வெரதம் கெட்டுப்போகும்" என்றான். விரதம் முடியும்வரை அப்படியே இருந்தான்.

சார் முன்னால் வந்தார். செருப்பே இல்லாத ஒருவன் வருவான் என்று தான் யோசிக்கவில்லை, வரிசையில் இருந்த ஓட்டை தன்னுடையது என்றார். சொல்லிக்கொண்டே குனிந்து தன் ஷூ கயிற்றை அவிழ்த்தார். சாக்ஸையும் கழற்றினார். ஷூவைக் கொண்டுபோய் பாண்டி முன்னால் வைத்தார். இனிமேல் விரதத்தில் இருக்கிறவர்கள் ஏறும்போது அவர்களுக்குப் பதிலாக இந்த ஷூ வரிசையில் நிற்கும். ஏறுகிறவனே தன் கையால் வைக்கவேண்டும், இறங்கி வந்து அவனே எடுத்துக் கொடுக்கவேண்டும் என்றார். அன்றே அது நடைமுறைக்கு வந்தது. பாண்டி மேலே ஏறினான். அவன் இறங்கும்வரை சார் திராட்சைத் தோட்டத்து வரப்பில் வெறுங்காலில் நின்றார். நெருஞ்சி முள் அவருக்கு மட்டும் சலுகை காட்டவில்லை. நான்தான் பிடுங்கிவிட்டேன்.

எனக்கு எழுத்துமூலமாக விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனது. விதியில் இருந்த குறை தன்னுடையது என்று மேலிடத்துக்கு அவரும் எழுதி, அதற்காகத் திட்டும் வாங்கினார். துறைப் புத்தகத்தில் செருப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார்களாம். தை பிறந்ததும் பாண்டி ஒரு டப்பா அரவணைப் பாயசத்தோடு என் வீட்டுக்கு வந்தான். தன்னுடைய அய்யப்பன்தான் அந்த வேனை ரோட்டில் நிறுத்தியதாகச் சொன்னான். அல்லாஹ்தான் என் மொபெட்டைத் திருப்பினான் என்றேன் நான். இரண்டு பேரும் சாரிடம் தீர்ப்புக் கேட்டோம். ஆபரேட்டருக்கு நன்றி சொன்னீர்களா என்று கேட்டார். அது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அவருடைய பக்தி எங்களுக்கு மட்டும்தான் கஷ்டம் கொடுத்தது என்று நினைக்கவேண்டாம். ஒரு வருஷம் அவர்கள் கோயில் அறுப்புப் பண்டிகைக்கு யாரோ மின்கம்பியில் திருட்டுக் கொக்கி போட்டு மைக் செட் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சார் குடும்பத்தோடு ஆராதனைக்குள் நுழையும்போது கொக்கியைப் பார்த்துவிட்டார். பிள்ளைகளை டீச்சரிடம் விட்டுவிட்டு, ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார். நான் கொக்கியை இறக்கினேன். அன்று பாதிரியார் ஐயர் மைக் இல்லாமலே பிரசங்கம் செய்தார். அவர் குரல் வெளியே வேப்பமரத்தடி வரை கணீரென்று கேட்டது. முடிந்து வெளியே வந்தவர், தொண்டையைத் தடவியபடி சாரைப் பார்த்த பார்வையில் அன்று அவ்வளவாக ஆசீர்வாதம் இல்லை.

இரண்டாயிரமாவது வருஷம் சாருக்கு ஊர்ப்பக்கம் மாறுதல் வந்தது. அதற்குள் அவர் புது ஷூ வாங்கி, பழையதை அலுவலகத்திலேயே வைத்திருந்தார். வழியனுப்பும்போது அதை எடுத்துப்போகச் சொன்னேன். கார்த்திகைக்கு ஆள் ஏறுமே, இருக்கட்டும் என்று விட்டுப்போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி முடிவில் நான் அதற்குப் பாலிஷ் போட்டு வைப்பேன். பெருநாளைக்கு அவர் போன் செய்வார், கிறிஸ்துமஸுக்கு நான். எடுத்தவுடன் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான், ஆட்கள் எல்லாரும் நல்லா இருக்கிறார்களா.

போன வருஷம் கார்த்திகை பிறந்த முதல் வாரத்தில் ஷீபா போன் செய்து, அப்பா கர்த்தருக்குள் நித்திரை அடைந்துவிட்டார்கள் என்று சொன்னாள். ஒரு வேன் பிடித்து ஒன்பது பேர் போனோம். ஷூவை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். அவர் பொருள் அவர் வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தேன். செம்மண் முற்றத்தில் ஊரார் செருப்பு மலைபோலக் குவிந்து கிடந்தது. எங்கள் எட்டு ஜோடி மட்டும், யாரும் சொல்லாமலே, சுவரோரமாக ஒரே வரிசையில் நின்றது. ஒன்பதாவது ஆள் பாண்டி. அவன் மாலை போட்டிருந்தான். துக்க வீட்டுக்கு வந்தால் மாலையைக் கழற்றவேண்டும் என்பது முறை. வேனில் ஏறும்போதே கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான். அடுத்த வருஷம் சேர்த்துப் போய்க்கொள்கிறேன் என்றான்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, டீச்சரிடம் சொல்லிக்கொள்ளும்போது பையைக் கொடுத்தேன். திறந்து பார்த்தார். ஷூவின் மேல் விரலால் தடவினார். பாலிஷ் விரலில் ஒட்டியது. பிறகு பையை மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"கார்த்திகை பொறந்துட்டுல்லா அண்ணாச்சி. ஒங்க ஆளுவ மாலை போட்டிருப்பாவளே. இத இங்க வச்சிட்டா, அங்க ஒரு ஆளு கொறைஞ்சா எப்படித் தெரியும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. வெளியே வந்து ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டினோம். வரிசை காலியானதும், பழக்க தோஷத்தில் நான் எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த வாரம் சுருளிப்பட்டி லைனில் வேலை. புதிதாக மாலை போட்ட ஒருவர் மேலே இருந்தார். என் பக்கத்தில் நின்ற இளைஞர் செல்போனைக் காட்டி, லைன் கிளியரை ரிட்டர்ன் சொல்லிவிடட்டுமா, எல்லாச் செருப்பும் போய்விட்டது, அந்தப் பழைய ஷூ மட்டும்தான் கிடக்கிறது என்றார். கொஞ்சம் பொறு என்றேன். தோப்புக்குள்ளிருந்து கறுப்பு வேட்டியில் ஒருவர் நடந்து வந்து, ஷூவை எடுத்து மண்ணைத் தட்டி என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.